எடையை வென்ற எண்

உங்கள் இல்லத்தில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பயிலும் பிள்ளை இருப்பின், அப்பிள்ளையின் அறிவியல் நூலை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தனிம வரிசை அட்டவணை என்னும் பெயரில் கட்டம் கட்டமாக வரையப்பட்ட படம் ஒன்று அதில் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தனிமத்தின் குறியீடும், அதனுடன் இரண்டு எண்களும் காணப்படும். சோடியத்தின் கட்டத்தில் 11, 23 என்று இருக்கும். இரும்பின் கட்டத்தில் 26, 55.85 என்று இருக்கும். முதலாவது அணு எண்; மற்றது அணு எடை. நாம் பயின்ற நாளில் அணு எடை என்றோம். இக்காலப் பிள்ளைகள் அணு நிறை என்கின்றனர். பள்ளிப் பாடத்தின் அளவில் இரண்டும் ஒன்றே.

தேர்வின் பொருட்டு இவ்விரண்டின் இலக்கணத்தையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆனால், "ஒரு பொருளுக்கு எதற்கு இரண்டு எண்கள்? ஒன்று போதாதா?" என்று பிள்ளை திரும்பக் கேட்டால், பெற்றோரில் பலர் "போய் ஆசிரியரைக் கேள்" என்றே சொல்லி அனுப்புவோம். அது சிறுபிள்ளைக் கேள்வி அன்று. உலகின் தலைசிறந்த வேதியியலார் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இதே கேள்வியின் முன் திகைத்து நின்றனர். அதற்கு விடை கண்டவர் இருபத்தாறு வயதைக்கூட எட்டியிராத ஓர் இளைஞர்.

எடையே யாவும் என்றிருந்த காலம்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அணுவைக் கண்டவர் எவரும் இலர். அதனுள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவரும் இலர். அளக்கக் கூடியதாய் இருந்தது எடை ஒன்றே. மிக இலேசான ஹைட்ரஜனை ஒன்று எனக் கொண்டு, ஆக்சிஜன் அதைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு, கந்தகம் 32 மடங்கு என்று தராசைக் கொண்டே கணக்கிட்டனர். ஒரு தனிமத்தை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டும் அடையாளம் அதன் எடையே என்று எல்லாரும் நம்பினர். நம்பியதில் தவறும் இல்லை. வேறு வழி அன்று இல்லை.

1869-ஆம் ஆண்டில், உருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த மெண்டலீவ், அப்போது அறியப்பட்டிருந்த 63 தனிமங்களையும் எடையின் ஏறுவரிசையில் நிறுத்தினார். வியப்பான உண்மை ஒன்று புலப்பட்டது. குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரே குணமுடைய தனிமங்கள் திரும்பத் திரும்பத் தோன்றின. சில இடங்களில் வரிசை பொருந்தவில்லை; அங்கே அவர் கட்டத்தை வெறுமையாக விட்டு, "இங்கு இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமம் ஒன்று உண்டு" என்று துணிந்து கூறினார். 1875-இல் காலியமும், 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் அவர் சொன்ன குணங்களுடன் வந்து அந்தக் கட்டங்களில் அமர்ந்தன. மெண்டலீவின் புகழ் உலகெங்கும் பரவியது.

ஆயினும் அவருடைய அட்டவணையில் ஒரு முள் தைத்திருந்தது. அதன் பெயர் டெலூரியம்.

காயத்திற்கு இடும் மருந்தாக நாம் அறிந்த அயோடின், குளோரின், புரோமின் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஐயமே இல்லை. டெலூரியமோ கந்தகத்தின் குடும்பம். ஆகவே டெலூரியம் முன்னும் அயோடின் பின்னும் நின்றால்தான் இரண்டும் தத்தம் குடும்பத்துடன் சேரும். ஆனால் தராசு வேறு கூறிற்று. அயோடினின் எடை 127. டெலூரியத்தின் எடை 128. எடைப்படி வைத்தால் குடும்பம் கலைகிறது; குடும்பப்படி வைத்தால் எடையின் வரிசை கலைகிறது. மெண்டலீவ் குடும்பத்தின் பக்கம் நின்றார். டெலூரியத்தை முன்னே வைத்து, 128 என்னும் எண்ணின் அருகில் ஒரு கேள்விக்குறியை இட்டார். எடை போட்டவர்கள் தவறியிருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1871-இல் வெளியிட்ட அட்டவணையில் அவ்வெடையை 125 என்றே எழுதிவிட்டார்.

அவரிடம் மதிப்புக் கொண்ட பிராகு நகரத்து அறிஞர் பிரௌனர், டெலூரியத்தை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்திப் பல ஆண்டுகள் எடை போட்டுப் பார்த்தார். 125 வரவில்லை. எத்தனை முறை செய்தாலும் டெலூரியம் அயோடினைவிடக் கனமாகவே இருந்தது. இன்று நாம் கொள்ளும் எடை 127.6. தராசு பொய் கூறவில்லை. மெண்டலீவின் வரிசையும் பொய்யன்று. இரண்டும் எப்படி மெய்யாக இருக்க முடியும்?

முள் ஒன்றோடு நிற்கவில்லை. 1894-இல் இராலே, இராம்சே என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் காற்றில் கலந்திருந்த ஆர்கான் என்னும் வாயுவைக் கண்டனர். அதன் எடை 39.95. அதற்கு அடுத்து நிற்க வேண்டிய பொட்டாசியத்தின் எடையோ 39.10. கோபால்ட்டும் நிக்கலும் அவ்வாறே. முன்னே நிற்க வேண்டிய கோபால்ட்டு 58.93, பின்னே வரும் நிக்கல் 58.69.

எடையை நம்பியவர்களுக்கு இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. ஒரு தெருவில் உள்ள வீடுகளை அவற்றின் பரப்பளவைக் கொண்டு வரிசைப்படுத்தினால், இடையில் எத்தனை வீடுகள் விடுபட்டன என்று எவராலும் கூற முடியுமோ? கதவு எண் இருந்தால் கூறலாம். 42-க்கு அடுத்து 44 வந்தால் ஒரு வீடு விடுபட்டது என்பது சிறுவனுக்கும் தெரியும். தனிமங்களுக்குக் கதவு எண் இல்லை. இலாந்தனத்திற்கும் டான்டலத்திற்கும் இடையே அருமண் உலோகங்கள் என்னும் ஒரு கூட்டம் உண்டு. அவை பத்தா, பதினைந்தா, இருபதா என்பதை அந்நாளில் உறுதியாகக் கூற வல்லார் எவரும் இலர். ஆண்டுதோறும் எவரேனும் ஒருவர் புதிய தனிமம் கண்டதாக அறிவிப்பார். மற்றொருவர் அதை மறுப்பார்.

வழக்கறிஞர் சொன்ன யோசனை

1911-இல் ரூதர்ஃபோர்டு, அணுவின் நடுவில் நேர் மின்னூட்டம் உடைய மிகச்சிறிய கரு ஒன்று இருப்பதாக அறிவித்தார். அதே ஆண்டில், ஹாலந்து நாட்டைச் சேர்ந்த வான் டென் புரூக் என்பவர், "அட்டவணையில் ஒரு தனிமம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ, அத்தனை மின்னூட்டங்கள் அதன் கருவில் இருக்கலாம்" என்னும் கருத்தை வெளியிட்டார். தொழிலால் அவர் வழக்கறிஞர்; அறிவியல் அவருக்கு ஓய்வுநேர நாட்டம். கருத்து அழகியது. ஆயினும் மெய்ப்பிக்கும் வகை அவரிடம் இல்லை.

மெய்ப்பித்தவர் ஹென்றி மோஸ்லி. 1887-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இங்கிலாந்தின் வேமத் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் பெற்று, 1910-இல் மான்செஸ்டர் சென்று ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நள்ளிரவு கடந்தும் ஆய்வுக்கூடத்தை விட்டு நீங்காத உழைப்பாளி.

அவர் செய்த சோதனையை வாசகர்கள் மனக்கண்ணால் காண வேண்டும். காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள்ளே சிறு தண்டவாளம். அதன்மேல் விளையாட்டுப் பொருள் போன்ற ஒரு சிறு வண்டி. வண்டியின்மேல் வரிசையாக உலோகத் துண்டுகள். குழாயைத் திறக்காமலே, பட்டுத் தூண்டில் நூலைச் சுற்றி வண்டியை இழுத்தால், ஒவ்வோர் உலோகமாக எலக்ட்ரான் கற்றையின் முன் வந்து நிற்கும். எலக்ட்ரான்கள் தாக்கும்போது ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். அக்கதிர் ஒரு படிகத்தில் பட்டுத் திரும்பி, ஒளிப்படத் தகட்டில் கோடுகளாகப் பதியும். அவ்வளவே கருவி.

கால்சியம் முதல் துத்தநாகம் வரையில் உள்ள தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது, கோடுகள் மாடிப்படி போல் ஒழுங்காக நகர்ந்து சென்றன. கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் கண்டால், தனிமத்திற்குத் தனிமம் அது ஒரே அளவாக உயர்ந்தது. எடை அவ்வாறு உயர்வதில்லை. ஓரிடத்தில் இரண்டு கூடும், ஓரிடத்தில் நான்கு கூடும், கோபால்ட்டிலிருந்து நிக்கலுக்கு வரும்போது குறையவும் செய்யும். எக்ஸ் கதிரோ இரும்பு 26, கோபால்ட்டு 27, நிக்கல் 28, செம்பு 29 என்று படி தவறாமல் ஏறிற்று. துத்தநாகத்திற்கு அவர் பயன்படுத்தியது நம் வீட்டுக் குடத்தின் பித்தளையே. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது அல்லவா? தகட்டில் செம்பின் கோடுகள் ஒருபுறமும் துத்தநாகத்தின் கோடுகள் ஒருபுறமுமாகத் தனித்தனியே விழுந்தன. கலப்பையும் அது காட்டிக் கொடுத்தது.

1913-இன் இறுதியிலும் 1914-இலும் இரண்டு கட்டுரைகளாக இம்முடிவுகள் வெளிவந்தன. தனிமங்களுக்குக் கதவு எண் கிடைத்துவிட்டது. அதுவே அணு எண்: கருவில் உள்ள நேர் மின்னூட்டங்களின் எண்ணிக்கை. குளோரின் 17, பொட்டாசியம் 19. ஆகவே இடையில் ஆர்கானின் இடம் 18. எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி, அது பொட்டாசியத்திற்கு முன்னேதான் நிற்க வேண்டும். டெலூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவின் கேள்விக்குறிக்கு விடை கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை, 1907-இல் காலமாகியிருந்தார்.

1914-இல் பிரெஞ்சு அறிஞர் உர்பேன் தாம் பல்லாண்டுகள் பாடுபட்டுப் பிரித்தெடுத்த அருமண் பொருள்களை எடுத்துக்கொண்டு மோஸ்லியிடம் வந்தார். செல்டியம் என்னும் புதிய தனிமம் ஒன்றைக் கண்டதாக அவர் முன்னர் அறிவித்திருந்தார். சில நாள்களிலேயே மோஸ்லி அப்பொருள்களில் எவை எவை உள்ளன என்று எண் வாரியாகக் கூறிவிட்டார். செல்டியம் மட்டும் அவற்றில் இல்லை. தம்முடைய நம்பிக்கை பொய்த்த நிலையிலும் உர்பேன் அம்முறையின் வன்மையைக் கண்டு வியந்தார். பிறர் கண்டதைப் புகழும் மனம் எல்லா அறிஞர்க்கும் வாய்ப்பதில்லை.

அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நடந்த அறிவியல் மாநாட்டிற்கு மோஸ்லி சென்றிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. நாடு திரும்பிய அவர், உற்றாரும் ஆசிரியரும் தடுத்தும் கேளாமல் படையில் சேர்ந்தார். செய்திப் பிரிவு அதிகாரியாகத் துருக்கியின் கல்லிப்போலி தீபகற்பத்திற்கு அனுப்பப்பட்டார். 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், தொலைபேசி வழியே ஆணை ஒன்றை அனுப்பிக் கொண்டிருந்த வேளையில் தலையில் குண்டு பாய்ந்து மாண்டார். வயது 27. தம் உடைமைகளை அரச அறிவியல் கழகத்திற்கு எழுதி வைத்திருந்தார். அவருக்குத் தனிக் கல்லறை இல்லை. போரில் மறைந்தவர்களின் நினைவுச் சின்னத்தில் அவருடைய பெயரும் ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஆய்வுக்குச் செலவிட்ட ஆண்டுகள் ஐந்துகூட இரா.

எடை ஏன் தடுமாறியது?

எண் வென்றது. ஆனால் எடை ஏன் ஒழுங்கு தவறியது என்னும் கேள்வி அப்படியே நின்றது. அதற்குரிய விடை நமக்கு அண்மையிலுள்ள இலங்கை மண்ணோடும் தொடர்புடையது.

பிரெடரிக் சாடி என்னும் ஆங்கில அறிஞர், எடையில் வேறுபட்டும் குணத்தில் ஒன்றாகவும் உள்ள அணுக்கள் இருக்கக்கூடும் என்றார். அட்டவணையில் ஒரே இடத்தைப் பெறுவதால் 1913-இல் அவற்றுக்கு ஐசோடோப்பு என்று பெயரிட்டார். அச்சொல்லைக் கிரேக்க மொழியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்னும் பெண் மருத்துவர். தமிழில் ஓரிடத்தான் என்று அழகாகக் கூறுவதுண்டு. தம் கருத்தை மெய்ப்பிக்கச் சாடி ஈயத்தை எடுத்துக்கொண்டார். தோரியம் சிதைந்து சிதைந்து இறுதியில் ஈயமாகிறது, யுரேனியமும் அவ்வாறே. இவ்விரு ஈயங்களும் எடையில் வேறுபட வேண்டும். இலங்கையில் கிடைத்த தோரைட்டு என்னும் தோரியக் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்து, 1914-இல் எடை போட்டார். சாதாரண ஈயத்தின் அணு எடை 207.2, இலங்கை ஈயம் அதனினும் கனமாக இருந்தது. பின்னர் நுட்பமாக அளந்தபோது 207.7 என்று கண்டனர்.

அதே 1914-இல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்ஸ் என்பவர் யுரேனியக் கனிமங்களிலிருந்து கிடைத்த ஈயத்தை எடை போட்டார். அது சாதாரண ஈயத்தைவிட இலேசாக இருந்தது. தனிமங்களின் எடையை மிக நுட்பமாக அளந்ததற்காகவே அவ்வாண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் இவர். ஒவ்வொரு தனிமத்திற்கும் மாறாத எடை ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையில் வாழ்நாளைச் செலவிட்டவரின் தராசே, ஈயத்திற்கு ஒரே எடை இல்லை என்று சொல்லிற்று.

1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டபின் யாவும் தெளிவாயின. அணுவின் கருவில் இரு வகைத் துகள்கள் உள்ளன. நேர் மின்னூட்டமுடைய புரோட்டான் ஒன்று. மின்னூட்டமற்ற நியூட்ரான் மற்றொன்று. புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். எடைக்கோ இரண்டும் சேர்ந்து காரணம். புரோட்டான் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ தனிமமே மாறிவிடும். நியூட்ரான் கூடினால் எடை கூடுமேயன்றித் தனிமம் மாறாது.

பிள்ளைகள் அடிக்கடி இடறும் ஓரிடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். குளோரினின் அணு எடை 35.5 என்று நூலில் இருக்கும். அரைத் துகள் என்று ஒன்று உண்டா என்று பிள்ளை மயங்கும். உண்மையில் 35.5 எடையுள்ள குளோரின் அணு உலகில் ஒன்றுகூட இல்லை. இயற்கையில் நான்கு குளோரின் அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ மூன்று 35 எடையுடையன. ஒன்று 37 எடையுடையது. நான்கையும் கூட்டினால் 142. நான்கால் வகுத்தால் 35.5. நம் வீட்டு உப்பிலும் இரண்டும் கலந்தே உள்ளன. தனி ஓர் அணுவின் புரோட்டான், நியூட்ரான் தொகையை நிறை எண் என்பர். அது முழு எண். நூலில் காணும் அணு எடை ஒரு சராசரி.

இனி டெலூரியத்தின் முள் தானாகவே நீங்கிவிடும். இயற்கையில் கிடைக்கும் டெலூரியத்தில் பெரும்பங்கு 128, 130 ஆகிய நிறை எண்களை உடையது. அயோடினோ 127 ஒன்றே. சராசரி கண்டால் டெலூரியம் கனப்பதில் வியப்பென்ன? ஆர்கானின் கதை இதனினும் சுவையானது. காற்றில் உள்ள ஆர்கான் ஏறத்தாழ முழுவதும் 40 நிறையுடையது. அது எங்கிருந்து வந்தது? பாறைகளில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு 40 நிறையுடையது; கதிரியக்கம் கொண்டது. அதன் கருவில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும்போது, அணு எண் 19-இலிருந்து 18-ஆகக் குறைகிறது. நிறை எண் 40 அப்படியே நிற்கிறது. பொட்டாசியம் ஆர்கானாகிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இவ்வாறு பிறந்த வாயுவே இன்று நம்மைச் சூழ்ந்துள்ளது. அட்டவணையில் பொட்டாசியத்தைவிடக் கனமாக நின்று அறிஞர்களைத் திணற வைத்த ஆர்கான், அதே பொட்டாசியம் பெற்ற பிள்ளை.

இவையாவும் அறிஞர்களின் ஆய்வுக்கூடத்தோடு முடிந்த செய்தி என்று எண்ண வேண்டாம். நம் உடலும் எண்ணையே பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். அணு எண் 53 உடைய எதுவாயினும் அது ஏற்றுக்கொள்ளும். 127 நிறையுடைய நல்ல அயோடினையும், 131 நிறையுடைய கதிரியக்க அயோடினையும் அதனால் வேறு பிரிக்க இயலாது. 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்தபோது பரவிய நஞ்சுகளில் இவ்வயோடின் 131 முதன்மையானது. மேய்ச்சல் நிலத்தில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தைகளின் சுரப்பியில் சென்று சேர்ந்தது. பின்னாளில் அப்பகுதிச் சிறுவர்கள் பலர் தைராய்டு புற்றுநோய்க்கு ஆளாயினர். அண்டை நாடான போலந்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்குச் சில நாள்களுக்குள் நல்ல அயோடின் கரைசல் புகட்டப்பட்டது. சுரப்பி நல்லதால் நிறைந்துவிட்டால் தீயதற்கு இடமிராது என்பதே அதன் கணக்கு. ஆனால் இதே அயோடின் 131-ஐ அளவறிந்து கொடுத்து, தைராய்டு புற்றுநோயை மருத்துவர்கள் குணப்படுத்தவும் செய்கின்றனர்.

மோஸ்லி விட்டுச்சென்ற வெற்றுக் கட்டங்கள் என்னவாயின? 72-ஆம் எண்ணுக்குரிய ஹாஃப்னியத்தை 1923-இல் கோபன்ஹேகன் நகரில் எக்ஸ் கதிரைக் கொண்டே கண்டனர். 75 எண்ணுடைய ரேனியம் 1925-இல் கிடைத்தது. 61-க்கு 1945 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 43-ஐ எவ்வளவு தேடியும் பூமியில் காணவில்லை. 1937-இல், அமெரிக்காவில் துகள்களால் தாக்கப்பட்ட மாலிப்டினத் தகடு ஒன்று இத்தாலியின் பலெர்மோ நகருக்கு அனுப்பப்பட்டது. மாலிப்டினத்தின் அணு எண் 42. அதனுடன் ஒரு புரோட்டான் சேர்ந்த அணுக்கள் அத்தகட்டில் இருப்பதைப் பெரியர், செக்ரே என்னும் இருவர் கண்டறிந்தனர். மனிதன் செயற்கையாக ஆக்கிய முதல் தனிமம் அதுவே. டெக்னீசியம் என்று பெயரிட்டனர்.

எலும்பிலோ இதயத்திலோ உள்ள கோளாற்றை அறியப் பெரிய மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஸ்கேன் படங்கள் பலவற்றிற்கு இன்று ஊசி வழியே செலுத்தப்படுவது அந்த டெக்னீசியமே. ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். உங்கள் வீட்டில் எவருக்கேனும் அப்பரிசோதனை நடந்திருப்பின், மருத்துவச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டெக்னீசியம் என்ற பெயருக்கு அருகில் 99 என்று இருக்கும். அது நிறை எண். மோஸ்லி வெற்றிடமாகக் காட்டிய 43 அச்சீட்டில் இராது. டெக்னீசியம் என்று எழுதிய உடனே 43 என்றும் எழுதியாயிற்று.